காலரில் பச்சை நூல்

மொடமொடப்பு என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சலவைக்கடைக்காரர். காலையில் கடை திறக்க நடந்து வரும்போது சட்டைக் காலர் விறைப்பாக நிற்கும். அதைப் பார்த்து யாரோ வைத்த பட்டப்பெயர்தான் மொடமொடப்பு. யாராவது அப்படிக் கூப்பிட்டால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோகும். விளம்பரத்துக்குத் தனியாகச் செலவு எதற்கு, நானே நடமாடும் விளம்பரம்தானே என்பார்.

கடை அலங்காரத்துக்கு மட்டும் கை தாராளம். கண்ணாடிக் கதவு போட்டார், வந்தவர்கள் உட்கார சோபா போட்டார், ராட்சச மெஷின் இரண்டு வாங்கினார். மெஷின் வந்த அன்றே காலர் தேய்க்கும் பிரஷ்ஷையும் சோப்புக் கட்டியையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார். பாக்கெட்டில் கைவிட்டுப் பார்ப்பது, வெள்ளையைத் தனியே பிரிப்பது, காலரை நாலு இழுப்பு தேய்ப்பது, இதெல்லாம் இனி யார் செய்வார்கள்? மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றார். மெஷினுக்கு ஏது கண்? கண் உள்ளவரோ சோபா உறைக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தார்.

ஒருவருடைய பாக்கெட்டில் கிடந்த பேனா பத்துப் பேர் சட்டையை நீலமாக்கியது. ஒருவர் வேட்டி இன்னொருவர் வீட்டுக்குப் போனது. வாடிக்கையாளர்கள் சண்டைகூடப் போடவில்லை, சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு லாட்ஜ்தான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, வேலையாட்களின் சீருடை எல்லாம் அங்கிருந்து வந்தன. அதுவும் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டனுப்பியதும், இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார்.

மேனேஜர் குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். வரவேற்பு மேசைமேல் சீருடைகளைப் பரப்பி வைத்திருந்தார். எல்லாக் காலரிலும் பழுப்பாக ஒரு கோடு.

"இது துவைச்சு வந்ததா, துவைக்கப் போறதா?"

"அது உங்க ஆளுங்க வேர்வை சார். எங்க வேலையில குறையே சொல்ல முடியாது. இதோ, என் சட்டையைப் பாருங்க. அதே மெஷின், அதே பவுடர்." சொன்னதோடு நிற்காமல் மேசைமேல் குனிந்து கழுத்தையும் நீட்டினார். ஆடுகூட அவ்வளவு ஆசையாக நீட்டாது.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காலர் பால்வெள்ளை. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு மடிப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இந்தப் பச்சை நூல் என்னது?"

"எந்த நூல் சார்?"

"அடியில ரெண்டு தையல் இருக்கே. நீங்க காகிதச் சீட்டுதானே குத்துவீங்க?" மேனேஜர் தன் காலரைத் திருப்பிக் காட்டினார். அங்கேயும் பச்சை நூலில் இரண்டு தையல். "தெருமுனையில ஒரு அம்மா சலவைக்கடை வெச்சிருக்காங்க. துணி மாறாம இருக்க அவங்க போடற அடையாளம் இது. என் துணி அங்கதான் போகுது. உங்களுதும் அங்கதான் போகுது போல."

வரவேற்பு மேசையில் இருந்த பெண் சிரிப்பை மறைக்கக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது சார்" என்றார் மொடமொடப்பு. அன்று அவர் அங்கே பேசிய ஒரே உண்மை அதுதான். சொன்ன பிறகுதான் அது இன்னும் கேவலம் என்று புரிந்தது. தன் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்றே தெரியாத சலவைக்கடைக்காரன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேனேஜர் சீருடைகளை மடித்தார். "உங்க வீட்டுத் துணி உங்க கடைக்கு வரட்டும். அன்னிக்கு வந்து சொல்லுங்க, எங்க துணியும் வரும்."

திரும்பும் வழியில் மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல் கூப்பிட்டார். "என்ன மொடமொடப்பு, இன்னிக்குப் பளிச்சுனு இருக்கீங்க?" தெருவிலேயே சட்டையைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று இருந்தது அவருக்கு. தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மனைவி முன்னால் காலரைத் திருப்பி வைத்தார். அவள் நூலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"மெஷின் வந்ததுல இருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"காலர்ல அழுக்கு அப்படியே நிக்குதுன்னு சொன்னேன். மெஷினைவிட உனக்குத் தெரியுமான்னு கேட்டீங்க. அப்புறம் நான் வாயைத் திறக்கல." சட்டையை மடித்துக்கொண்டே தொடர்ந்தாள். "ஊரே மொடமொடப்புன்னு கூப்பிடுது, நீங்களும் பூரிச்சுப் போறீங்க. அந்தக் காலரோட உங்களை வெளியில அனுப்ப எனக்கு வெக்கமா இருந்துச்சு. காய்கறிப் பைக்குள்ள மறைச்சுதான் கொண்டுபோவேன். யார் சட்டைன்னு அந்த அம்மா ஒருநாளும் கேட்டதில்ல. தெரிஞ்சிருக்கும்."

ஒரு பிடி பிடித்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவர்தான். கோபம் வரவில்லை. அவருடைய மானத்தை இத்தனை நாள் இவள் பை பையாகச் சுமந்திருக்கிறாள். எதிரில் நிற்கவே கூசியது.

மேனேஜர் சொன்னதைச் சொன்னார். "நாளையிலிருந்து நம்ம துணி நம்ம கடைக்கே வரட்டும். நானே பார்க்கறேன். பாக்கெட் பார்த்து, வெள்ளையைப் பிரிச்சு, காலரை என் கையால தேய்ச்சு. நீ கொடுத்தாத்தான் லாட்ஜ்ல போய்ச் சொல்ல முடியும்."

அவள் அழுக்குக் கூடையைத் திறந்தாள். மகளின் பள்ளிச் சட்டையை எடுத்தாள், உள்ளே வைத்துவிட்டாள். தன் புடவையை எடுத்தாள், அதையும் வைத்துவிட்டாள். அவர் சட்டைகளில் பழையதாக ஒன்றைத் தேடி எடுத்தாள். அதற்குக்கூட மனம் வரவில்லை. எழுந்து பின்பக்கம் போய், தரை துடைக்கும் துணியை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"தப்பா நினைக்காதீங்க. முதல்ல இதைத் துவைச்சுக் கொண்டுவாங்க. பார்த்துட்டு மத்ததைத் தர்றேன்."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"வெள்ளையோட சேர்த்துப் போட்டுடாதீங்க" என்றாள்.