ஸ்டீயரிங்கை இறக்கினால் நிற்கும் கார்

அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். மூன்று வாரமாக அவளுடைய கார் நடுரோட்டில் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. கணக்கு வாத்தியாரான கணவர் ஓட்டினால் மட்டும் அலுங்காமல் போகிறது.

“எனக்கு நிக்கலையே! நீ க்ளட்ச்ச சட்டுனு விட்டுடுறே,” என்பார் அவர்.

மெக்கானிக்கும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, பேட்டரியை மாற்றி, கையை விரித்துவிட்டார். ஆறடிக்கு மேல் வளர்ந்த அவரைத் தெருவே ஒட்டகம் என்றுதான் கூப்பிடும்.

அன்று காலை, பின்னால் லாரி வரும்போது கார் நின்றது. மயிரிழையில் தப்பியவள், கணவரையும் இழுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

“இன்னிக்கு நான்தான் ஓட்டுவேன். ரெண்டு பேரும் ஏறுங்க.”

சீட்டை முன்னால் இழுத்தாள். ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்த பிடியைத் தளர்த்தி, அதைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். தெருமுனைப் பள்ளத்தில் கார் குலுங்கியதுதான் தாமதம், மீட்டர் விளக்கெல்லாம் செத்து வண்டி நின்றது.

ஒட்டகம் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். “அக்கா, கிளம்புறப்ப ஸ்டீயரிங்க என்ன பண்ணீங்க?”

“இறக்கினேன். எனக்கு எட்டணும்ல?”

அவர் கண் விரிந்தது. “மேல தூக்குங்க!”

தூக்கினாள். விளக்குகள் எரிந்தன. இறக்கினாள். அணைந்தன.

“அடேயப்பா!” என்று அவள் ஸ்டீயரிங்கைத் தட்டிக் கத்தினாள். “நீங்க ரெண்டு பேரும் நெட்டை! இறக்கவே மாட்டீங்க!”

ஸ்டீயரிங்கை உயர்த்தியே பட்டறைக்குத் திரும்பினார்கள். ஒட்டகம் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கின் அடி மூடியைப் பிரித்தார். சாவி சுவிட்சுக்குப் போகும் வயர்க்கட்டு, ரேடியோ வயரோடு சேர்த்து ஒரு இரும்புக் கம்பியில் இறுகக் கட்டப்பட்டிருந்தது. ஸ்டீயரிங் இறங்கினால் வயர் விறைத்து, சுவிட்சின் இணைப்பைப் பாதி வெளியே இழுத்தது. ஒரு முனை கருகியே போயிருந்தது.

“ரேடியோ மாட்டினவன் பண்ணின வேல இது. யாருங்க அவன்?”

வாத்தியார் கூரையைப் பார்த்தார். “நான்தான்... வீடியோ பாத்து மாட்டினேன்.”

பட்டறையே அதிரும்படி சிரித்தாள் அவள். மூன்று வாரக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மதியத்துக்குள் புது சுவிட்சும் இணைப்பும் மாட்டி, வயரைத் தாராளமாகத் தொங்கவிட்டுக் கட்டினார் ஒட்டகம். அவள் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை இறக்கி, அதே பள்ளத்தில் காரை ஐந்து முறை ஏற்றி இறக்கினாள். ஒரு விளக்குகூட இமைக்கவில்லை.

“க்ளட்ச்சு எப்படிங்க, சரியா விடுறேனா?”

“தாயே, ஆள விடு,” என்று கும்பிட்டார் வாத்தியார்.