ஓலரன்ஷா சாரின் பரவாயில்லை

லியோனி கார்சைடைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். நெருங்கிய தோழியைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் ஐந்து வயதிலிருந்து ஒரே வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் எரியும். நான் மண்டையை உடைத்துக்கொண்டு படித்து எண்பத்தெட்டு வாங்குவேன். அவள் மீன் பொரிக்கும் கடையில் வேலை செய்துவிட்டு, எண்ணெய் வாடையோடு வந்து தொண்ணூற்றைந்து வாங்குவாள். அதற்காகக் கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். அதுவும் இல்லை.

பள்ளியின் கடைசி வருடத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னேன். எங்கள் பள்ளியிலிருந்து அதுவரை ஒருவரும் அங்கே போனதில்லை. நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்குத்தான் இடம். ஒரு வாரம் கழித்து லியோனி வந்து நின்றாள்.

"ஹெஸ்டர், நானும் போட்டுப் பாக்கட்டுமா?"

"போடேன். நான் என்ன, அதை விலைக்கா வாங்கிட்டேன்?" என்று சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. இதிலும் வந்துவிட்டாளே!

அக்டோபரில் அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மான்செஸ்டரில் ஒரு கூட்டம் போட்டார்கள். லியோனிக்குச் சனிக்கிழமை கடை.

"நீ போய்க் கேட்டுட்டு ஒண்ணு விடாம வந்து சொல்லுடி. நான் லீவு கேட்டா முதலாளியம்மா என்னையே மாவுல முக்கிப் பொரிச்சிடுவா," என்றாள்.

கூட்டத்தில், மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஓர் அமெரிக்க அம்மாள் பேசினார். "உங்க ஊர் ஆசிரியர்களோட சிபாரிசுக் கடிதம்தான் எங்களுக்குத் தலைவலி. தங்கமான பிள்ளையைப் பத்தி 'பரவாயில்லை'ன்னு எழுதி அனுப்புறாங்க. எங்க ஊர்ல அதைப் படிச்சா தேறாத கேஸ்னுதான் நினைப்போம். அவங்களைக் கொஞ்சம் மனசு விட்டுப் பாராட்டி எழுதச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் இருவருக்கும் கடிதம் எழுதப்போவது இயற்பியல் ஆசிரியர் ஓலரன்ஷா சார். அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டே 'பரவாயில்லை'தான். அதுவும் லியோனிக்குத்தான் வந்திருக்கிறது. என் விடைத்தாளைத் திருப்பித் தரும்போது "ம்" என்பார், அவ்வளவுதான்.

லியோனியிடம் கட்டுரை, தேர்வு, கடைசித் தேதி எல்லாம் சொன்னேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்," என்றேன்.

திங்கட்கிழமை சாரைப் பிடித்தேன். தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அமெரிக்காவுக்குன்னா கொஞ்சம் தூக்கி எழுதணுமாம்."

"எவ்வளவு தூக்கி?"

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பொண்ணைப் பார்த்ததில்லைங்கிற அளவுக்கு."

பிஸ்கட் ஒடிந்து தேநீரில் விழுந்தது. கரண்டியால் அதைத் தேடியபடியே கேட்டார். "லியோனிக்கும் இப்படித்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது சார். எப்பவும்போல எழுதினாப் போதும்னு சொன்னா."

டிசம்பரில் முடிவு வந்தது. சேர்ந்துதான் பார்ப்பது என்று பேசி வைத்திருந்ததால், காலை இடைவேளையில் இருவரும் அவரவர் போனைத் திறந்தோம். எனக்குக் கிடைத்திருந்தது. அவளுக்கு இல்லை.

லியோனி போனை மூடிப் பையில் போட்டாள். பிறகு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திக்காவது கிடைச்சுதே. நீ மட்டும் அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கேட்டுட்டு வந்து சொல்லலேன்னா எனக்கு விண்ணப்பம் போடவே தெரிஞ்சிருக்காது," என்றாள்.

நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். நிஜத்தைச் சொன்னால், ஐந்து வயதுக்குப் பிறகு அன்றுதான் என் வயிறு எரியவில்லை. அந்த நிம்மதி மத்தியானம் வரைக்கும் இருந்தது.

மத்தியானம் சாரிடம் போய்ச் சொன்னேன். கை கொடுத்தார்.

"நீ சொன்னதை அப்படியே எழுதினேன். எழுதும்போது கை கூசிச்சு. சரி, உனக்குக் கிடைச்சுதே." பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லியோனியை ஏன் விட்டாங்கன்னுதான் புரியல. அவளுக்கு நான் மனசார எழுதியிருந்தேன்."

"என்ன எழுதினீங்க சார்?"

"ரொம்பப் பரவாயில்லைன்னு எழுதினேன். முப்பத்தொரு வருஷமா கடிதம் எழுதுறேன். 'ரொம்ப'ன்னு வேற யாருக்கும் போட்டதில்லை."

போயிருக்கலாம். போகாமல் கேட்டேன்.

"நான் எப்படி சார்? நிஜமா சொல்லுங்க."

சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நன்றாக யோசித்தார்.

"ம்," என்றார்.