மால்டாவில் மூட்டிய நெருப்பு

அன்றைக்கு டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத் தமிழ்ச் சபையில் இருந்தவர்கள்: பயணம் போய் வந்த அந்தோனிதாசன், அவர் மனைவி மரினா, போதகர் யோசேப், பக்கத்து ஊரான பிராண்டேயிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள், டெனிஷில் குசுகுசுத்துக்கொண்டிருந்த அவர்களுடைய பிள்ளைகள், கடைசிக் கதிரையில் கஜதீபன்.

கஜதீபனுக்கு ஆராதனையைவிட அந்தோனிதாசன் வீட்டு நிலவறைதான் முக்கியம். வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. ஊர் நிர்வாகமான கொம்யூன் அகதிக்கெனக் கொடுத்த அறையை வெள்ளிக்கிழமை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் நிலவறையை வாடகைக்குப் போய்ப் பார்ப்பதாகப் பேச்சு. அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்து வந்திருந்தான்.

சாட்சி நேரத்தில் அந்தோனிதாசன் எழுந்தார். வேதாகமத்தில் அப்போஸ்தலர் கடல்வழி போன பாதையிலேயே பதினொரு நாள் சொகுசுக் கப்பலில் மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்தார். திரையில் படங்கள் ஓடின. கிரேக்கர் மத்தியானம் நித்திரை கொள்கிறார்கள். இத்தாலியருக்கு வரிசை தெரியாது. துனீசியாவில் ஆட்சி சரியில்லை. துறைமுகத்தில் இறங்கி நின்ற நான்கு மணித்தியாலத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு மால்டா. கப்பல் உடைந்து நனைந்து வந்த அப்போஸ்தலருக்குத் தீவார் நெருப்பு மூட்டிக் குளிர்காய வைத்த கரை. அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. அடுத்த படத்தில் அதே கரையில் கறுப்புக் கண்ணாடி விற்கும் ஆபிரிக்கப் பெடியன்கள். இப்படிப் படகில் வருகிறவர்களையெல்லாம் உள்ளே விட்டால் ஐரோப்பா என்னவாகும் என்று கேட்டார். தாங்கள் எண்பத்தாறில் ஒழுங்காக வந்தவர்கள் என்றார்.

"ஓம், கிழக்கு பேர்லினாலை, ஆரோ ஒராளின்ரை பாஸ்போட்டிலை," என்றாள் மரினா, பின்னால் சாப்பாட்டு மேசையில் றோல்ஸை அடுக்கியபடி.

சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சபையில் ஒரு வழக்கம்: ஒருவர் சாட்சி சொன்னால், அதே இடத்தில் கிருபை கண்ட இன்னொருவர் எழுந்து தன்னுடையதையும் சேர்ப்பார். அந்தக் கரைப் பக்கம் போன வேறு யாரும் உண்டா என்று போதகர் வழமைபோலக் கேட்டார். கஜதீபன் எழுந்துவிட்டான். லிபியாவிலிருந்து படகேறி, அந்தத் தீவுக்குக் கிட்ட இரண்டு நாள் மிதந்ததைச் சொன்னான். மீன்பிடிப் படகொன்று நெருங்கி வந்ததையும், விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் போனதையும் சொன்னான்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

அறை போய்விட்டது என்றே நினைத்தான். அந்தோனிதாசனோ காரில் ஏற்றிக்கொண்டு போனார். நிலவறைக்குள் நின்று சுற்றி வளைத்துக் கதைத்தார். அடுத்த மாதம் ஓல்போர்க் சபையிலும் இந்தப் படங்களைக் காட்டுகிறாராம். தம்பியும் வந்து பேசினால் எடுபடுமாம். முடிவுதான் சபைக்கு ஏற்றதாக இல்லையாம்.

"ஆரோ கரையிலை உதவினவை எண்டு சொன்னால் என்ன?"

கஜதீபன் அறையைப் பார்த்தான். கட்டில், ஹீட்டர், சின்ன யன்னல்.

"நெருப்பும் மூட்டினவையோ, அண்ணை?"

"மூட்டினவை."

"தேத்தண்ணி?"

அந்தோனிதாசன் யோசித்தார். "தேத்தண்ணி வேண்டாம். நம்பமாட்டினம்."

சரியென்று சாவியை வாங்கிக்கொண்டான். அவர் திருப்தியோடு படியேறத் தொடங்கியதும், அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினான்.