ஏழாவது கவுன்சிலர்

லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவினான் ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். மணி பதினொன்று இருபது. பதினொன்றரையைத் தாண்டினால் அப்பாயின்ட்மென்ட் ரத்து. அடுத்தது ஆறு வாரம் கழித்துத்தான். அதுவரை மனைவி அவனோடு இருக்கப்போவதில்லை.

"இதுதான் கடைசி. இந்தக் கவுன்சிலிங்லேயும் வாயைத் திறக்கலேன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன்," என்று காலையில் துணி மடித்தபடியே சொல்லியிருந்தாள். கோபத்தில் சொன்னால் தட்டிக்கழிக்கலாம். நிதானமாக அல்லவா சொன்னாள்!

நாலாவது மாடி. கதவைத் தள்ளினான்.

"வாங்க தொரை, வாங்க!" மனைவி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். "ஊருக்கெல்லாம் ஆறு நிமிஷத்துல ஆம்புலன்ஸ் அனுப்புவாரு மேடம். தான் வர்றதுக்குத்தான் இருபது நிமிஷம்."

அவசர அழைப்புகளை எடுப்பது அவன் வேலை. பன்னிரண்டு வருட சர்வீஸ். மகன் போனதிலிருந்து, வீட்டில் போன் மணி அடித்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறான். மனைவியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது.

கவுன்சிலரம்மா ஃபேனை அவன் பக்கம் திருப்பினார். "முதல்ல கொஞ்சம் மூச்சு விட்டுக்குங்க. அந்தப் படி ஏறினா எனக்கும் உசிரு போயிடும்."

இவர் ஏழாமவர். முதல் ஆள் கடிகாரத்தோடுதான் பேசினார். இரண்டாமவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மூன்றாமவர் தன் மாமியார் கதையை ஆரம்பித்துவிட, இவர்கள்தான் ஆறுதல் சொல்லிவிட்டு வர வேண்டியதாயிற்று. மற்ற மூவரும் நல்லவர்களே. ஆனால் "பதறாதீங்க, நான் உங்க கூடவே இருக்கேன்" என்று ஆரம்பித்தார்கள். அதோடு ஆபரேட்டருக்குக் காது அடைத்துவிடும். அவன் மேஜையில் ஒட்டிய அட்டையின் முதல் வரி அது. கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு எண்பது தடவை அவனே சொன்ன வரி.

மனைவி பேச ஆரம்பித்தாள். "பையனுக்கு நாலு வயசு மேடம். திராட்சை தொண்டையில சிக்கிடுச்சு. அவசர நம்பருக்குப் போட்டேன். ஒருத்தன் எடுத்தான். பதறாதீங்கன்னான். குரலா அது, ரெக்கார்டு போட்ட மாதிரி! மூச்சு வரலன்னு கத்தறேன், டொக்குனு லைனை மாத்திட்டான். ஐம்பது செகண்ட் வெறும் மியூசிக். அப்புறம் ஒரு பொண்ணு எடுத்து, முதுகுல தட்டுங்கன்னா. அதுக்குள்ள..."

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அந்தப் பாவி யாருன்னு இவரைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அப்ப நான் டீக்குப் போயிருந்தேங்கறார். ஒரே ரூம்ல வேலை பாக்கறவன் யாருன்னு கூடவா தெரியாது?"

கவுன்சிலரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு இதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா."

ஆபரேட்டர் நிமிர்ந்தான். கையில் பதிலை வைத்துக்கொண்டு காத்திருக்காத முதல் ஆள். இவரிடம் சொல்லலாம்.

"மேடம், நான் தனியா வரலாமா? ஒரே ஒரு தடவை."

"வரலாமே. நாளைக்கே வாங்க."

"தனியாவா?" மனைவி சிரித்தாள். "ஆறு பேர்கிட்ட ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருந்தாரு, இப்ப தனியா வேணுமாம். பேசட்டும் மேடம். அவருக்கு ஒரு நல்ல ஆள் கிடைச்சாச்சு. எனக்குத்தான் அந்த ஒருத்தன் கிடைக்கல."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறாள் என்பது அவள் எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

"கிடைச்சா என்ன கேப்பீங்க?" என்றார் கவுன்சிலரம்மா.

"திட்ட மாட்டேன் மேடம். ஏண்டா மாத்தினேன்னு மட்டும் கேப்பேன்."

கதவின் கைப்பிடியைத் திருகினாள்.

"ரூலு," என்றான் ஆபரேட்டர்.

அவள் திரும்பினாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"சொந்தக்காரங்க கூப்பிட்டா நாங்க பேசக்கூடாது. கை நடுங்கும், தப்பாச் சொல்லிடுவோம்னு உடனே பக்கத்து சீட்டுக்கு மாத்தணும். உன் குரலைக் கேட்டதும் மாத்திட்டேன். பக்கத்து சீட்டு காலின்னு அப்புறம்தான் பார்த்தேன்."