மர்பி டவுன் கிணற்றுத் தண்ணீர்

டொமினிக் கிணற்றுச் சுவரின்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்த முனிசிபாலிட்டி ஆட்கள் செய்வதறியாமல் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். தன் அப்பா தோண்டிய கிணறு, அதில் மருந்து கொட்ட விடமாட்டேன் என்று அவன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறான் என்பது, குடத்தோடு தள்ளி நின்ற அவன் மனைவி ஜோசஃபினுக்கு மட்டும்தான் தெரியும். போன மாதம் அவர்களுடைய மகள் ஜூடித் வாந்தியும் பேதியுமாக ஒரே பகலில் துவண்டு இறந்துபோனாள். குற்றம் கிணற்றின்மேல் என்றால், கடைசிவரை அவன் அவள் வாயில் ஊற்றியது எந்தத் தண்ணீர்?

டாக்டரம்மா ஹெட்விக் வியன்னாவில் மருத்துவக் கல்லூரியில் பாடம் சொன்னவர். யூதர் என்று நாஜிகள் துரத்த, முந்தைய வருடம், முப்பத்தெட்டில், கப்பலேறி இங்கே வந்துசேர்ந்தார். இப்போது மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பாடம் சொல்கிறார். தமிழை நோயாளிகளிடமே கற்றதால் அவர் வாயில் இந்த மர்பி டவுன் சனங்களின் பேச்சுதான் வரும். ரகரம் மட்டும் தொண்டைக்குள்ளிருந்து உருண்டு வரும்.

அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. மாதா கோயில் பள்ளியிலிருந்து ஒரு மேஜையை வரவழைத்து வெயிலில் போட்டு, வியன்னாவிலிருந்து கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பை அதன்மேல் வைத்தார். ஜோசஃபினின் குடத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்தார்.

"யாரு மொதல்ல பாக்கறீங்க?"

ஜோசஃபின் குடத்தை இறக்கிவிட்டு மேஜையருகே போய்க் குனிந்து பார்த்தாள்.

முதலில் வெறும் வெளிச்சம். பிறகு அந்த வட்டத்துக்குள் கண்ணாடியால் செய்ததுபோல ஒன்று நீந்தி வந்தது. உடம்பைச் சுற்றி மயிரிழைகள் நடுங்கின. இன்னொன்றின்மேல் இடித்தது, யோசிப்பதுபோல் நின்றது, திரும்பிப் போனது. அதன் வயிற்றுக்குள் ஏதோ சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது அடிக்கும் எழுந்தேற்ற மணி ஓய்ந்ததும் கோயிலுக்குள் விழும் அமைதி அவளுக்குள் விழுந்தது. ஒரு சொட்டுக்குள் இவ்வளவு உயிரா?

"இதுங்களா டாக்டரம்மா, எம் பொண்ண..."

"இல்ல. இதுங்க சாது. கொல்றது இத்தவிட சின்னது. இந்தக் கண்ணாடியில சுளுவா சிக்காது."

"இன்னும் சின்னதா?"

"ஆமா. உம் பொண்ணுக்கு அதுதான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். கொழா தண்ணி குடிக்கிற வூட்ல பேதி இல்ல. இந்தத் தண்ணி குடிச்ச வூட்ல இருக்குது. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததாலேயே ஜோசஃபின் அவரை நம்பினாள். கிணற்றடிக்குப் போனாள்.

"வந்து பாருங்க."

"எங்கப்பா தோண்டுனது, ஜோசஃபின்."

"மாமாவுக்கு இது தெரியாதுங்க. நமக்கும் தெரியாது. வாங்க."

வெகுநேரம் கழித்து அவன் இறங்கினான். மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டு குனிந்தான். எந்தக் கண்ணை மூடுவதென்று தெரியாமல் தடுமாறினான். ஜோசஃபின் தன் உள்ளங்கையால் அவன் இடது கண்ணைப் பொத்தினாள். கைக்குள் இமை படபடத்தது. பிறகு அசையாமல் நின்றது.

"உசுரோட இருக்குது," என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

பின்னால் பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார்கள். அவன் நிமிரவில்லை. அவள் உள்ளங்கை மெல்ல ஈரமாகிக்கொண்டிருந்தது.