மூத்தவளின் ஏழு தொட்டிகள்

மூத்த மனைவி இறந்து ஒரு வருடம் கழித்துத்தான் லிஃப்ட் மெக்கானிக் இளையவளைக் கட்டிக்கொண்டார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மனுஷர் தங்கமானவர், குடி கிடையாது, சீட்டு கிடையாது, வாயைத் திறந்தால்தானே வம்பு வரும். இளையவள் வருவதற்கு முன்பே மூத்தவளின் துணிமணிகளை யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். சுவரில் இருந்த போட்டோவையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். மொட்டை மாடியில் அவள் வளர்த்த டயாந்தஸ் பூச்செடிகள் மட்டும் மிச்சம், ஏழு தொட்டி.

ஏழு தொட்டிப் பூவைப் பார்த்து ஒரு பெண் பொறாமைப்படுவாளா என்று கேட்காதீர்கள். பட்டாள். நீங்களும் பட்டிருப்பீர்கள். காலையில் எழுந்ததும் அவர் மாடிக்குப் போவார். வாடிய பூக்களை நகத்தால் கணுவோடு கிள்ளுவார். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஓரமாகத் தண்ணீர் விடுவார். மாதத்துக்கு ஒரு முறை முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுவார். இறங்கி வரும்போது அவர் கையில் கிராம்பு வாசனை அடிக்கும். அந்தப் பூவின் வாசனை அப்படி. அந்தக் கையால்தான் இளையவள் தரும் காபியை வாங்குவார்.

கல்யாணமான முதல் மாதமே அவள் நர்சரிக்காரரிடம் போய் நாசூக்காக விசாரித்தாள்.

"இந்த டயாந்தஸ் எத்தனை வருஷம் இருக்கும்?"

"மூணு வருஷம். மிஞ்சிப்போனா நாலு. அப்புறம் தண்டு கட்டையாப் போய், பூ நின்னுடும்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும், வீடு தன்னுடையதாகிவிடும். மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவள் அவள். எதற்கும் காலாவதித் தேதி உண்டு என்று நம்புகிறவள்.

மூன்று வருடம் போயிற்று. நான்கும் போயிற்று. ஐந்தாம் வருடம் தொட்டிகள் முன்னைவிடக் குபுகுபுவென்று பூத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ந்த துணி எடுக்கப் போனவள், அவர் ஒரு தட்டில் மணல் நிரப்பி உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். பூ விடாத குருத்துகளை மூன்று விரல் நீளத்துக்குக் கிள்ளி, அடி இலைகளை உருவி, மணலில் குத்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, புதுச் செடியா?"

"புதுசா? இல்லம்மா. அதே செடிதான். பழசு கட்டையாகுறதுக்குள்ள குருத்தெடுத்து வச்சுடணும். வேர் விட்டுரும். அவ கை பட்ட அதே செடி."

துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டாள். அடுக்களையில் நின்று அழுதாள். தனக்குத் தலை நரைக்கிறது, முட்டி வலிக்கிறது. மேலே இருப்பவளோ மூன்று வருடத்துக்கு ஒரு முறை குமரியாகிக்கொண்டிருக்கிறாள். செத்த சக்களத்தியோடு எந்த மகராசியால் போட்டி போட முடியும்?

ஒன்பதாம் வருடம் அவருக்குத் தோளில் ஆபரேஷன். வலது கையை இரண்டு மாதம் அசைக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது. அது குருத்தெடுக்கும் பருவம்.

"நீங்க படுங்க. தொட்டிய நான் பாத்துக்கறேன்," என்றாள் இளையவள்.

பார்த்துக்கொண்டாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாதா? கொழுத்த தொழு உரம் வாங்கி வந்து, செடியின் கழுத்துவரை அணைத்துப் போட்டாள். காலையும் மாலையும் தொட்டி வழிய வழிய ஊற்றினாள். டயாந்தஸுக்குக் காலும் கழுத்தும் காய்ந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டுக்காரிகூட, "உன்னை மாதிரி யாரு பாத்துப்பா?" என்று மெச்சினாள். ஆறாவது வாரம் கழுத்து கறுத்து, தொட்டால் செடி கையோடு வந்தது.

கட்டு அவிழ்த்ததும் அவர் மேலே போனார். மண்ணைக் கொட்டிவிட்டு, இடது கையால் ஏழு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு இளையவள் நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலை, காபியை ஊதிக்கொண்டே அவர் சொன்னார்: "அவளுக்குக் காபி நல்லா ஆறணும். ஆடை படிஞ்சப்புறம்தான் குடிப்பா."

இளையவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வருடத்தில் மூத்தவளைப் பற்றி அவராக வாய்திறந்ததே இல்லை. தட்டும் மணலுமாக இருந்த அன்று ஒரு வார்த்தை, அதுவும் அவள் கேட்டதால். இப்போது மடை திறந்துகொண்டது. எந்த நாற்காலியில் உட்காருவாள், எந்த ஜன்னலைச் சாத்த விடமாட்டாள், தும்மினால் எப்படி மூன்று தரம் தும்முவாள்.

"லிஃப்ட்னா அவளுக்குப் பயம். மெக்கானிக் பொண்டாட்டிக்கு. ஆறு மாடியும் நடந்தே வருவா. நாலாவது மாடியில நின்னு மூச்சு வாங்கிட்டு, அப்புறம்தான் ஏறுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததேயில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் தனியாக இருந்தபோது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக ஏறி வந்தது. நான்காவது மாடியில் நின்றது. இளையவள் கதவோடு ஒட்டி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி ஏறத் தொடங்கியது. ஆறாவது மாடிக்கு வந்ததும் சத்தம் இல்லை. கதவைத் திறந்தால் ஈ காக்கை இல்லை. மறுநாளும் வந்தது, அதே நேரத்துக்கு. அலமாரியைத் திறந்தால் கிராம்பு மணத்தது. தலையணையிலும் மணத்தது. மொட்டை மாடியோடு இருந்தவளைத் தானே கைபிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. எப்படியாவது அவளைத் திரும்ப மேலே ஏற்றியாக வேண்டும்.

"அந்தக் குருத்து யாருக்காவது குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"தையல்காரம்மாவுக்கு ஒரு தடவை குடுத்தேன்."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருக்கோடிக்கு ஓடினாள். தையல்காரம்மா மெஷினை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"அதுவா? அது போய் எத்தனையோ வருஷமாச்சேம்மா. மூணு வருஷம் நல்லாப் பூத்துது. அப்புறம் கட்டையாப் போச்சு. குருத்தெடுக்க எனக்கு எங்க தெரியும்?"

"ஒரு தண்டுகூட இல்லையாக்கா?"

"கடையில புதுசு விக்குதே, வாங்கிக்க வேண்டியதுதானே?"

இளையவள் திரும்பி நடந்தாள். படியேறினால் நான்காவது மாடியில் நிற்க வேண்டி வருமே என்று பயந்து லிஃப்டிலேயே மேலே போனாள்.

அவர் சாப்பாட்டு மேசையில் இருந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். வயிற்றுக்குள் வைத்திருந்தால் செத்தே போவோம் போலிருந்தது.

"செடியக் கொன்னது நான்தாங்க. தெரியாமப் பண்ணல. தெரிஞ்சேதான் பண்ணினேன். உரத்தக் கழுத்துவரைக்கும் போட்டு, தண்ணிய ஊத்தி, வேணும்னே அழுக வச்சேன்."

அவர் அவளைப் பார்த்தார். அறைவாரா, எழுந்து போய்விடுவாரா, அழுவாரா? எதுவானாலும் வரட்டும் என்று காத்திருந்தாள். அவர் கையை நீட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"போகுது விடும்மா. செடிதானே. செடி போனா அவ எங்க போயிடப் போறா?"

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மூத்தவள் ஒரு முறை மழையில் நனைந்துகொண்டே தொட்டிகளை உள்ளே தூக்கி வைத்த கதை. இளையவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கோபப்பட்டிருந்தால் அந்தக் கோபமாவது தனக்கென்று இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.