தெனமும் படிப்பாரு

தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணி மறுபடியும் நழுவியது. மகிமா அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்து, உச்சியில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காகத் தூங்காதவள். அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. செத்த பிறகும் வாயை மூட மாட்டேன் என்கிறாரே மனுஷன் என்று நினைத்தாள்.

அப்பா அம்புரோஸ் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். ஹார்பர் கேட்டில் கண்டெய்னர்களைச் சோதித்து ரிட்டயரானவர். மனைவி ரோஸ்மேரி போனதிலிருந்து சர்ச் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பைபிளை மட்டும் விடவில்லை. சாயங்காலமானால் அதை மடியில் வைத்துக்கொண்டு, எதிர் லேத் பட்டறை பரசுராமனிடம் வம்பு வளர்ப்பார்.

"கடவுள் கீறாருன்னு புக்கு சொல்லுது. புக்கு உண்மைன்னு யாரு சொல்றா? அதே புக்கு. இன்னா கதைடா இது? லாரிக்காரன் நீட்ற பேப்பர்ல அரிசின்னு போட்டுகீதுன்னா உள்ள அரிசிதானா? கண்டெய்னர் சீல ஒடைச்சுப் பாக்கத்தானே என்னை கேட்ல நிக்க வெச்சான்?"

"எங்க புக்கு அப்பிடி இல்லபா," என்பார் பரசுராமன்.

"உன்னுதும் பேப்பர்தான் மாமு."

கடைசியாக மூச்சு வாங்க வாங்க அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்கம்மா பக்கத்துல போட்ரு மகி. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

அம்மா இருப்பது சபையின் கல்லறைத் தோட்டத்தில். விசுவாசத்தில் செத்தவர்களுக்குத்தான் அங்கே இடம். அதை வீட்டார் வாயால் சொல்ல வேண்டும்.

வெயில் ஏறும்போது சபை மூப்பர் வந்தார். ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா போனப்புறம் ஆராதனைக்கே வரலியேம்மா. கடைசியிலயாவது விசுவாசத்துல இருந்தாரா?"

மகிமா பதில் தேடிக்கொண்டிருக்கையில் அவர் பார்வை அலமாரிமேல் போயிற்று. முதுகு பிய்ந்து, டேப் ஒட்டிய பைபிள். கையில் எடுத்து, கண்ணாடிகூடப் போடாமல் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

"அடேயப்பா! இப்படி வாசிச்ச மனுஷனையா நான் சந்தேகப்பட்டேன்? இந்தப் புஸ்தகமே சாட்சி சொல்லுதே. இல்லியாம்மா?"

கோடெல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடங்கள். அது மகிமாவுக்குத் தெரியும். வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பரசுராமனுக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் அப்பா அப்பாவாகவே இருப்பார். ஆனால் எங்கோ கார்ப்பரேஷன் இடுகாட்டில் தனியாகக் கிடப்பார். யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"தெனமும் படிப்பாரு ஐயா," என்றாள்.

பொய்யில்லை. இருந்தாலும் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்க்கக் கூசியது.

சாயங்காலம் கல்லறைக்கு வண்டியில் போகும்போது பரசுராமன் மெதுவாகச் சொன்னார். "அவன் பேப்பர்லயே அரிசின்னு எழுதிட்டியேம்மா."

"வேற இன்னா மாமா பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத. நானுந்தான் வாய மூடிகினு நின்னேன்."

அம்மாவின் சிலுவையை ஒட்டிப் புதுக்குழி தோண்டியிருந்தார்கள். குழியின்மேல் குறுக்குக் கட்டைகளில் சவப்பெட்டி; இறக்குவதற்குக் கயிற்றோடு நாலு பேர். மூப்பர் ஒரு மரியாதைக்காக அப்பாவின் பைபிளையே கொண்டுவந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மகிமா அவர் கையிலிருந்த பைபிளையே பார்த்தாள்.

உயிர்த்தெழுதல் பகுதியைக் கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தவர், பாதி வரியில் நின்றார்.

அந்தப் பக்கத்து ஓரத்தில் அப்பாவின் கோணல் எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். 'பார்த்தது யார்?'

மூப்பர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். கயிற்றுக்காரர்கள் காத்திருந்தார்கள். கும்பிடவாவது கையைத் தூக்கலாம் என்றால் மகிமாவுக்குக் கை எழவில்லை.

அவர் கட்டைவிரலை நகர்த்தி அந்த ஓரத்தின்மேல் வைத்தார். விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.